மாநகரக் கணக்கு – 9: நெரிசலுக்கும் முகவரி உண்டு

மும்பைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். “என்ன ஊரப்பா அது, ஒழுங்கே தெரியாத ஜனம்” என்பது ஒன்று. “அந்தக் கூட்டத்திலும் எப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள், அதுதான் மும்பையின் ஆவி” என்பது மற்றொன்று. முதலாவது வசவு, இரண்டாவது வாழ்த்து. ஆனால் இரண்டுமே நெரிசலை மும்பைக்காரர்களின் குணத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுகின்றன. காலை ஒன்பது மணிக்குத் தாதர் பிளாட்பாரத்தில் இரண்டு பெட்டிகளோடு மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. அவர் கண்ணில் படுவது மனிதர்கள்; அவர்களை அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வரவழைத்த கோப்புகள் கண்ணில் படுவதில்லை. நிலம் யாருக்கு, அலுவலகம் எங்கே என்று அவ்வப்போது எடுக்கப்பட்ட முடிவுகள்தான் இந்த நெரிசலை உண்டாக்கின என்பது என் வாதம். அந்த முடிவுகளுக்குத் தேதி உண்டு, இடமும் உண்டு.

ஏழு தீவுகளாகக் கிடந்த நிலத்தை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தூர்த்து ஒட்டவைத்து உண்டாக்கிய ஊர் பம்பாய். தெற்கு நோக்கி நீட்டிய விரல் போன்ற நிலம். மேற்கே அரபிக்கடல், கிழக்கே துறைமுகம். கோட்டை, வங்கிகள், பங்குச் சந்தை எல்லாம் விரல் நுனியில் அமைந்தன. ஊர் வளர வடக்கு ஒன்றுதான் வழி. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் பயணிகள் ரயிலும் அந்தத் திசையில்தான் போனது. ஆக வேலை தெற்கில், வீடு வடக்கில். சர்ச்கேட்டிலிருந்து விரார் வரை சுமார் 60 கிலோமீட்டர். கொரோனாவுக்கு முன் லோக்கல் ரயில்கள் எல்லாமாகச் சேர்ந்து தினமும் சுமார் 75 லட்சம் பயணங்களைச் சுமந்தன. ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்கும் நிலைக்கு ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட்’ என்று ரயில்வேயே பெயர் வைத்திருக்கிறது. விபரீதத்துக்குக் கலைச்சொல் கிடைத்துவிட்டால் அது வழக்கமாகிவிடுகிறது.

இதை மாற்ற ஒரு வாய்ப்பு வந்தது. கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரிஷ் படேல் மூவரும் 1960களின் நடுவில் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: துறைமுகத்துக்கு அக்கரையில் புதுநகரம் அமைத்து, அரசு அலுவலகங்களையும் அங்கே கொண்டுபோனால் வடக்கு–தெற்கு ஓட்டம் உடையும். அரசு ஏற்றுக்கொண்டது, அந்த நகரத்தைக் கட்ட 1970இல் சிட்கோ நிறுவனமும் உருவானது. ஆனால் தலைமைச் செயலகம் விரல் நுனியை விட்டு நகரவில்லை. அதுமட்டுமா, அதே காலத்தில் செயலகத்துக்கு அருகிலேயே நாரிமன் பாயின்டில் கடலைத் தூர்த்து அலுவலகக் கோபுரங்கள் எழும்பின. அக்கரையில் உள்ள வாஷிக்குப் பாலம் 1973இல் வந்தது. ரயில் 1992இல்தான் போய்ச் சேர்ந்தது. காலிப் பாத்திரத்தை நீட்டிவிட்டுக் குழாயை அடைத்துவைத்த கதை.

அடுத்த சாட்சி ஒரு மாடிப்படி. பரேல், லோயர் பரேல் பகுதியில் ஒரு காலத்தில் பஞ்சாலைகள் அடுத்தடுத்து நின்றன. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பக்கத்து ‘சால்’ குடியிருப்புகளிலிருந்து நடந்தே வேலைக்குப் போனவர்கள். தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் முன்னின்று 1982இல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆலை நிலத்தை விற்றால் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு அரசு வீட்டுவசதிக்கு என்று 1991 விதி சொன்னது. 2001இல் அதைத் திருத்தி, கட்டடமில்லாத காலி இடத்துக்கு மட்டும் அந்தப் பங்கீடு என்று சுருக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006இல் திருத்தம் செல்லும் என்றாகிவிட்டது. ஆலைகள் இருந்த இடத்தில் மால்களும் அலுவலகங்களும் வந்தன. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நடந்து வரவில்லை, ரயிலில் வந்தார்கள். இறங்கியது எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் அதே குறுகிய படியில். 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கியவர்களும் ரயிலிலிருந்து இறங்கியவர்களும் அந்தப் படியில் சிக்கி 23 பேர் செத்தார்கள். பிறகு ராணுவத்தை அழைத்துச் சில மாதங்களில் புது நடைமேம்பாலம் கட்டி முடித்தார்கள். சில மாத வேலைதான் அது.

வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்ததால்தானே இவ்வளவும் என்பது பழைய மறுப்பு. 1960களில் சிவசேனை இதைத் தமிழர்களுக்கு எதிராகவே சொல்லி வளர்ந்தது என்பதால் நமக்கு இது கேட்டுப் பழகிய குரல். மக்கள்தொகைக் கணக்கு வேறு சொல்கிறது. விரல் நுனியை உள்ளடக்கிய மும்பை நகர மாவட்டத்தில் 2001இல் 33 லட்சத்துக்குச் சற்று அதிகமானவர்கள் இருந்தார்கள்; 2011இல் அது 31 லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. குடியிருப்பவர்கள் குறைந்தார்கள், காலைக் கூட்டம் குறையவில்லை. வந்தவர்களால் சேர்ந்த கூட்டம் என்றால் அவர்கள் வசிக்கும் இடத்தில் அல்லவா அது சேர வேண்டும்?

இன்னொரு மறுப்பு, சற்றுக் கனமானது: டோக்கியோவிலும் கூட்டம் உண்டு, அங்கே மட்டும் வரிசையில் நிற்கிறார்களே? நிற்கிறார்கள். பெட்டிக்குள் ஆட்களைத் தள்ளிவிடவே பணியாளர்கள் இருந்த ஊர்தான் அதுவும். 1960களில் ஜப்பானிய தேசிய ரயில்வே நகருக்குள் வரும் ஐந்து திசைகளிலும் தடங்களைப் பெருக்கியது. ஷின்ஜுகு, ஷிபுயா, இகெபுகுரோ என்று வேலையிடங்களும் பல மையங்களாகப் பிரிந்தன. ஒழுங்கைக் கற்றுக்கொள்ள இடம் கிடைத்தது. மும்பை லோக்கலிலும் விதிகள் இல்லாமல் இல்லை. மூவர் உட்காரும் இருக்கையில் நாலாவது ஆளுக்கு நுனியில் இடம் விட வேண்டும். இறங்க ஒரு நிலையம் இருக்கும்போதே முன்னால் நிற்பவரிடம் “அந்தேரியா?” என்று கேட்டு, இல்லை என்றால் அவரோடு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். விரார் வரை போகும் விரைவு வண்டியில், வழியிலேயே இறங்கும் போரிவலி ஆள் ஏறினால் இறங்க விடாமல் மறிக்கும் முரட்டு விதியும் உண்டு. அதை யாரும் ‘ஆவி’ என்று கொண்டாடத் தேவையில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் புறநகர்த் தடங்களில் 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். இந்த நெரிசலைத் தாங்குவதை ‘மனவுறுதி’ என்று பாராட்டுவது, படியை அகலப்படுத்தாத அதிகாரிக்குத்தான் சௌகரியம்.

நாலு நாள் தங்கப்போகிற பயணிக்கு இந்தச் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். நடைமுறைக்குத்தான். காலையில் தெற்கே போகாதே, மாலையில் வடக்கே போகாதே என்பது பழைய அறிவுரை. இன்று அது பாதிதான் பலிக்கும். பாந்த்ரா–குர்லா வளாகமும் அந்தேரி கிழக்கும் அலுவலகப் பேட்டைகளாகிவிட்டதால் காலையில் வடக்கே போகும் வண்டிகளிலும் கூட்டம் ஏறிவிட்டது. அலுவலகம் நகர்ந்ததும் கூட்டமும் கூடவே நகர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே விடுதி பிடிப்பவர் சுற்றுலா இடங்களின் பட்டியலோடு, எந்தப் பேட்டைக்கு எத்தனை மணிக்கு ஆட்கள் போகிறார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. கோட்டைப் பகுதியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையைப் போல வசதியான நேரம் இல்லை, அலுவலகங்கள் மூடியிருக்கும்.

2025 அக்டோபரில் முழுதாகத் திறந்த மெட்ரோ மூன்றாம் தடம் விமான நிலையத்தையும் பாந்த்ரா–குர்லா வளாகத்தையும் தொட்டுக்கொண்டு கஃப் பரேடு வரை நிலத்தடியில் போகிறது. பயணிக்கு அது பெரிய உபகாரம். திசை மட்டும் அதே வடக்கு–தெற்கு. அக்கரையை இணைக்க 2024 ஜனவரியில் திறந்த அடல் சேதுவின் நீளம் 21.8 கிலோமீட்டர். அதில் தண்டவாளம் இல்லை. இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் அனுமதியும் இல்லை.

(தொடரும்)