நாடி 110-ஐத் தாண்டினால்

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, 2025 புத்தாண்டு இரவில் 12 கன்டெய்னர் லாரிகளில் பீதம்பூருக்குக் கிளம்பியது. காவல் வண்டிகள், தடையில்லாத தனிப்பாதை என்று செய்திகள் நீண்டன. கழிவை அள்ளி மூட்டை கட்டிய சுமார் நூறு தொழிலாளர்களைப் பற்றிச் சுருக்கமாகத்தான் எழுதினார்கள்: அரை மணி நேர வேலை, பிறகு ஓய்வு. என் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் அரை மணி நேரம் மட்டும்? நச்சின் அருகில் இருக்கும் நேரம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர்களைக் காக்கும் உடையே. நச்சு நுழையாதபடி தைத்த உடையிலிருந்து ஈரமும் வெளியேறாது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஒரு கிராம் ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் போகிறது. உடைக்குள் காற்று ஈரத்தால் நிறைந்ததும் வியர்வை வீணாக வழிந்து பூட்ஸுக்குள் தேங்கும். தோலுக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகமெடுக்கும். தலை சுற்றும். புத்தி மந்தமாகும், ரசாயனப் பீப்பாயின் பக்கத்தில் அந்த மந்தம் எவ்வளவு பெரிய விபத்துக்கும் போதும்.

1985-இல் அமெரிக்க அரசின் நான்கு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட நச்சுக் கழிவுத்தளப் பாதுகாப்புக் கையேடு இதற்கு ஓர் எளிய வழி சொல்கிறது. ஓய்வுக்கு உட்கார்ந்ததுமே நாடியை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 110-ஐத் தாண்டினால் ஓய்வு நேரத்தை அப்படியே வைத்து, அடுத்த வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். காற்றுப் புகாத உடை அணிந்தவரை, வெப்பம் சுமார் 32 டிகிரியை எட்டினால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். மேகமில்லாத வெயிலில் நிழல் வெப்பத்தோடு 7 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் 25 டிகிரியிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. நம் கும்மிடிப்பூண்டியிலும் நச்சுக் கழிவைப் புதைக்கும் தளம் இருக்கிறது. அங்கே நிழலிலேயே 32 டிகிரி என்பது சாதாரண நாள்.

ஆகவே வேலைத் திட்டம் வகுப்பவர் முதலில் போட வேண்டிய கணக்கு ஆள்கணக்கு. ஒருவர் அரை மணி நேரம் உழைத்து, நாடி தணியும்வரை அமர்ந்தால், மாற்றாக எத்தனை பேர் காத்திருக்க வேண்டும்? அவர்களுக்கு நிழலும் தண்ணீரும் எங்கே? டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய இடத்தில் எவரும் நின்று நாடி பார்க்கமாட்டார்கள். ஓய்வு நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். டெண்டர் திறக்கும் முன்பே.