கஸ்மாலத்தின் பூர்வோத்தரம்

சென்னைப் பட்டணத்து மார்க்கெட்டில் மீன் விலை கேட்டுவிட்டு, வாங்காமல் திரும்பிய கனவான் யாராவது நம் நேயர்களில் இருந்தால், "கஸ்மாலம்" என்ற பட்டத்தை அவர் இலவசமாகப் பெற்றிருக்கக்கூடும். வீட்டுக்கு வந்து, "இது தமிழா, பிசாசு பாஷையா?" என்று அங்கலாய்த்திருக்கவும் கூடும். அவருக்கு ஆறுதலாக ஒரு விஷயம் சொல்கிறோம். அந்தச் சொல் கீதையில் இருக்கிறது!

வேடிக்கையல்ல, வாஸ்தவம். வில்லைப் போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிட்ட அர்ஜுனனைக் கண்ணன் கண்டித்துப் பேசும் முதல் வாக்கியத்திலேயே, இரண்டாம் அத்தியாயத்தின் ஆரம்பத்தில், 'கச்மலம்' வருகிறது. சோர்வு, மயக்கம், அழுக்கு என்றெல்லாம் வடமொழியில் அதற்குப் பொருள். வீரனுடைய மனத்தில் படிந்த அழுக்கைச் சொன்ன வார்த்தை, பட்டணத்துக்கு வந்து ஆளையே அழுக்கு என்று வையும் வார்த்தையாகிவிட்டது.

கஸ்மாலத்தின் தோழர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். ஆர்க்காட்டு நவாப் வாலாஜா 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறியபோது, அவருடைய பரிவாரத்தோடு பாரசீகமும் உருதுவும் பட்டணத்துத் தெருக்களில் தாராளமாகப் புழங்கின. 'பேஜார்' பாரசீகத்தில் மனம் வெறுத்துப்போனவனைக் குறிக்கும். சென்னையில் அந்த வெறுப்பை உண்டாக்கும் தொல்லையே பேஜார். 'கலீஜ்' அரபு வழி வந்த அசுத்தம். 'ஈமான்' என்றால் நம்பிக்கை, விசுவாசம். 'பே' என்றால் இல்லாமை. ஆக 'பேமானி' என்பவன் விசுவாசமற்றவன். கைச் செலவுக்கு வேண்டியிருக்கும் 'துட்டு'வோ டச்சுக்காரர்களுடைய செப்புக் காசின் பெயர். அவர்களுடைய கோட்டைகள் போயின, காசும் போயிற்று, பெயர் மட்டும் நம் வாயில் செலாவணியாகிக்கொண்டிருக்கிறது.

பட்டணத்தை விட்டுத் தெற்கே போவோம். திருநெல்வேலித் தாய்மார் பிள்ளையை "ஏ மூதி!" என்று கூப்பிடுவதைக் கேட்டு அயலூரார் திடுக்கிடுவார்கள். லக்ஷ்மிக்கு மூத்தவளான மூதேவியின் பெயர்தான் அப்படிக் குறுகி நிற்கிறது. ஆனால் அதைச் சொன்ன கையோடு அந்தத் தாய் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாள். வார்த்தையில் மூதேவி, குரலில் சீதேவி!

எல்லா வசையும் இப்படிச் செல்லமாக முடிவதில்லை. "பேதியில் போவான்" என்று தென்பாட்டிகள் சபிப்பார்கள். "கொள்ளையில் போவான்" என்பதும் உண்டு. இந்தக் கொள்ளை திருட்டன்று. ஊரை வாரிக்கொண்டு போன கொள்ளை நோய். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பசிக்குத் தப்பியவர்களையும் வாந்திபேதி விடவில்லை. அதையெல்லாம் கண்ட தலைமுறைகளின் பயம், சாபமாக உறைந்து நிற்கிறது. சரித்திரப் புத்தகம் படிக்காத பாட்டியின் வாயில் சரித்திரம் இருந்தது.

ஊருக்கு ஊர் பொருள் மாறுவது இன்னொரு விந்தை. "அப்பா என்னோடு கதைத்தார்" என்று யாழ்ப்பாணத்துப் பையன் சொன்னால், அன்போடு உரையாடினார் என்று அர்த்தம். "அப்பா பேசினார்" என்றாலோ திட்டிவிட்டார் என்று அர்த்தம்! நம்மிடத்திலோ பேசுவது சாதாரணம், கதைவிடுவதுதான் குற்றம்.

இதெல்லாம் கொச்சை, தள்ளத்தக்கது என்று பண்டிதர்கள் சொல்லலாம். ஆனால் தொல்காப்பியர் அப்படித் தள்ளவில்லை. பன்னிரண்டு நிலத்து வழக்குகளுக்கும் 'திசைச்சொல்' என்று பெயரிட்டு, இலக்கணத்தில் இடம் கொடுத்தார்.

நமக்குத் தெரிந்த ஒரு பையன் தெற்கத்திக் கிராமத்திலிருந்து பட்டணத்துக் கல்லூரியில் சேர்ந்தான். முதல் நாள், "வெள்ளென வந்துவிட்டேன்" என்றான். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் வகுப்பில் வாய் திறப்பதே அரிதாயிற்று. பொழுது வெளுக்கும் வேளையைக் கண்ணெதிரே காட்டும் அழகான தமிழ்ச் சொல் அது! சிரித்தவர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. ஒருவனுடைய பேச்சைப் பரிகசிக்கும்போது, அவனுடைய தாயையும் ஊரையும் சேர்த்தே பரிகசிக்கிறோம் என்பதை நாம் நினைப்பதில்லை.

இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் சீமையின் வார்த்தைகளைத் திரட்டி, 1982-இல் அகராதியாக வெளியிட்டார். 2000-இல் பெருமாள்முருகன் கொங்கு நாட்டுக்கு அதைச் செய்தார். இருவர் செய்தது போதுமா? ஒவ்வொரு பாட்டியும் கண்மூடும்போது ஓர் அகராதி சாம்பலாகிறது.

ஆகையால் நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பாட்டியிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். அவர் இளமையில் கேட்ட வசைகளையெல்லாம் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். "போக்கற்ற கழுதை, உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று அவர் கேட்பாராகில், கோபிக்க வேண்டாம். அதையே முதல் பதமாக எழுதிக்கொள்ளுங்கள்!