நெஞ்செரிச்சல்: உணவும் மூச்சும் தரும் நிவாரணம்

இரவு பத்து மணிக்கு வயிறார உண்டு, உடனே படுக்கைக்குச் செல்வது நகர வாழ்வில் இயல்பாகிவிட்டது. சற்று நேரத்தில் மார்பின் நடுவே எரிச்சலும் தொண்டைவரை ஏறும் புளிப்பும் தொடங்குகின்றன. ‘கேஸ்’ என்று சொல்லி ஒரு மாத்திரையை விழுங்கி மறந்துவிடுகிறோம். எப்போதாவது வந்தால் கவலையில்லை. வாரத்துக்கு இருமுறையோ அதற்கு மேலோ வருமாயின் காரணத்தை அறிந்து சரிசெய்வதே முறை.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உள்ளது. உணவு இறங்கும்போது திறந்து, பின்னர் மூடிக்கொள்வது அதன் பணி. அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தாலோ, வயிற்றில் அழுத்தம் மிகுந்தாலோ அமிலம் மேலேறுகிறது. அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. எரிச்சலின் காரணம் இதுவே.

உணவில் கவனம்

பக்கோடா, சமோசா, பூரி போன்ற எண்ணெய்ப் பண்டங்கள் இரைப்பையில் நெடுநேரம் தங்குகின்றன. சாக்லேட், காபி, மது, புகையிலை ஆகியவை வளையத் தசையைத் தளர்த்தக்கூடியவை. செரிமானத்துக்கு நல்லது என்று நாம் நம்பும் புதினாவும் சிலருக்கு அவ்வாறே செய்கிறது. குளிர்ந்த பால் முதலில் இதம் தரும். பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டும். எனினும் எல்லோருக்கும் எல்லாமே ஒவ்வாதவை அல்ல. இரண்டு வாரம் உண்டதையும் எரிச்சல் வந்த நேரத்தையும் குறித்துவைத்தால் நமக்கு ஒவ்வாதது எது என்பது புலப்படும்.

கிச்சடி, இட்லி, ஓட்ஸ் கஞ்சி, சுரைக்காய், வாழைப்பழம் ஆகியவை பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்ளும். அளவாக உண்பதும், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே இரவு உணவை முடிப்பதும் நலம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தலாம். தலையணைகளை அடுக்குவது வயிற்றை மடக்கி அழுத்துமேயன்றி உதவாது. இடப்பக்கம் சாய்ந்து உறங்குவது நன்று. உடல் எடை மிகுந்தோர் அதனைக் குறைத்தால் எரிச்சலும் குறையும்.

மனத்தின் பங்கு

மன அழுத்தம் எரிச்சலை மேலும் கூர்மையாக உணரச் செய்கிறது. உதரவிதானம் எனும் மூச்சுத் தசை அந்த வளையத்தைச் சூழ்ந்திருப்பதால், ஆழ்ந்த வயிற்றுச் சுவாசம் அதற்கு வலுவூட்டும். நிமிர்ந்து அமர்ந்து, வயிற்றில் ஒரு கையை வையுங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுங்கள். வயிறு உயர வேண்டும், மார்பு அசையக் கூடாது. ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். நாள்தோறும் இருமுறை பத்து நிமிடம் போதும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத்தளர்வுப் பயிற்சியும் உதவும்: பாதம் முதல் முகம்வரை ஒவ்வொரு தசையையும் சில நொடிகள் இறுக்கித் தளர்த்துவதே அது.

எப்போது மருத்துவரை அணுகுவது?

விழுங்குவதில் சிரமம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகியவை தோன்றினால் தாமதிக்க வேண்டாம். அமிலக் குறைப்பு மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றி மாதக்கணக்கில் உட்கொள்வதும் தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக, மார்பை அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அதனை ‘கேஸ்’ என்று எண்ணிக் காத்திராதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரைவதே உயிரைக் காக்கும்.