தாத்தா வீட்டு கண்ணாடி பீரோ: நிஜமாவே பழசா, பழசு மாதிரியா? கண்டுபிடிப்பது எப்படி?

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து 'ஓகே' சொல்வதில்லை. உள்பக்கம் திருப்பி, தையலைப் பார்ப்பார். பழைய கண்ணாடி பீரோவுக்கும் அதே விதிதான்.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் பழைய ஓட்டு வீட்டை இடிக்கும்போது, மரச்சாமானை மொத்தமாக ஒரு விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. புது வீட்டு ஹாலுக்கு 'ஆன்டிக்' என்று சொன்னதை நம்பி பெரிய தொகை கொடுப்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நஷ்டப்பட வாய்ப்பிருக்கிறது.

டிசைனை வைத்து வயதைச் சொல்ல முடியுமா?

முடியாது. கூரான வளைவு, கோபுரம் போன்ற உச்சி இருந்தால் கோதிக் பாணி. சுருள் சுருளான பூவேலை, வளைந்த கால் என்றால் ரொகோகோ. ஆனால் 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவே இந்தப் பழைய பாணிகளைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. 1834-ல் எரிந்துபோன பிரிட்டன் நாடாளுமன்றக் கட்டடம்கூட கோதிக் பாணியில்தான் மீண்டும் எழுந்தது. இதற்கு 'ரிவைவல்', அதாவது மறுமலர்ச்சி பாணி என்று பெயர். அந்த மோகம் இங்கேயும் வந்தது. நம்மூர் தச்சர்கள் அதே டிசைனைத் தேக்கிலும் ஈட்டியிலும் செதுக்கினார்கள். இன்றும் செதுக்குகிறார்கள். ஆக, டிசைன் பாணியைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது.

அப்போ எதைப் பார்க்கணும்?

* பின்பலகை: பிளைவுட் இருந்தால், ஒன்று பீரோ புதுசு, இல்லை, பலகை மாற்றப்பட்டிருக்கிறது.
* ஸ்க்ரூ: கூட்டல் குறி போட்ட தலை 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பக்கத்தில் பழைய துளை ஏதும் இல்லாமல் அது மட்டுமே இருந்தால் சந்தேகப்படலாம்.
* கண்ணாடி: சாய்வாக நின்று பாருங்கள். பழைய கண்ணாடியில் லேசான அலை, குமிழி தெரியும். இன்றைய சமதளக் கண்ணாடி 1950-களின் கண்டுபிடிப்பு.
* டிராயர்: மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் எல்லாம் அச்சு அசலாக ஒரே அளவில் இருந்தால் மெஷின் வேலை. சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தால் கை வேலை. இங்கே ஆசாரிகள் இப்போதும் கையால் வெட்டுவதால், இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.
* தேய்மானம்: கை படும் இடம், கதவு உரசும் இடம், கால் அடி இங்கெல்லாம் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி 'பழசாக' இருந்தால், சாயம் பூசிய வேலையாக இருக்கலாம்.

காரைக்குடியில் வாங்கினால் நம்பலாமா?

பழம்பொருள் கடைகளுக்குப் பெயர்பெற்றது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குச் சாமான்கள் அங்கே கிடைக்கும். ஆனால் மரம் பழசு என்பதும், பீரோ பழசு என்பதும் ஒன்றல்ல. இடித்த வீட்டின் கதவு, உத்தரத்தை அறுத்துப் புது பீரோ செய்யலாம். ஒரு பீரோவின் மேல்பாகத்தை இன்னொன்றின் அடிப்பாகத்தோடு சேர்க்கவும் செய்யலாம். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி: "இதுல எது எது மாத்தியிருக்கு?" பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

விலை எப்படிப் போடுவது?

ஒரே பீரோவுக்கு மூன்று விலை உண்டு: மர விலை, பயன்பாட்டு விலை, பழம்பொருள் விலை. மூன்றாவது கிடைக்க வேண்டுமென்றால், பாகங்கள் அசலாக இருக்க வேண்டும். பழைய அரக்கு பாலிஷும் அப்படியே இருக்க வேண்டும். விற்பதற்கு முன் 'பளபளன்னு' இழைத்து பாலிஷ் போடுவதுதான் பெரிய தப்பு. வயதின் அடையாளமே போய்விடும். ஆன்லைனில் கேட்கிற விலை வேற, வித்த விலை வேற. ஏலத்தில் முடிந்த விலையைப் பாருங்கள். குறைந்தது இரண்டு பேரிடம் மதிப்புக் கேளுங்கள். வாங்க ஆசைப்படுபவரே மதிப்புப் போடக் கூடாது.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

கன்டெய்னர் அனுப்புகிற ஊர் என்பதால் இது முக்கியம். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

வீட்டில் ஒரு பழைய பீரோ இருக்கிறதா? விலை பேசும் முன் சுவரிலிருந்து ஒரு அடி நகர்த்தி, டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள்.