பெரட்டு நேரத்தில் புரோகா மலை

விடியற்காலை ஐந்தரை மணி. செமினியில் நோட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டிப் புரோகா கிராமத்துக்குப் போகும் சாலையோரம், செம்பனை மரங்களுக்கிடையே நெற்றி விளக்குகள் வரிசையாக ஏறுகின்றன. அப்பா முன்னால், பிள்ளைகள் நடுவில், அம்மா கடைசியில். காஜாங் வட்டாரக் குடும்பங்கள் வார இறுதியில் ஏறிப் பார்க்கும் முதல் மலை பெரும்பாலும் இதுதான். உயரம் சுமார் 400 மீட்டர். நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் முதல் முகட்டை எட்டிவிடலாம்.

செம்பனை முடிந்ததும் மரமே இல்லை. இடுப்பளவு லாலாங் புல், நாலாபுறமும் காற்று, பிறகு வெட்டவெளி. காட்டை வெட்டிக் கைவிட்ட நிலத்தை முதலில் பிடித்துக்கொள்வது இந்தப் புல். மேலே தீயில் கருகினாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு மறுபடி தளிர்க்கும். புரோகாவின் அழகான காட்சிக்கும் அதன் ஆபத்துக்கும் காரணம் ஒன்றே: நிழல் கிடையாது.

நிழலில்லாத இடத்தில் நேரம் பார்த்துத்தான் நடக்க வேண்டும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில், கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தாக்கின் உட்பகுதியில் நடக்க வேண்டாம் என்று நிர்வாகம் எச்சரிக்கிறது. பாலைவனத்தில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பதே தெரியாது. புரோகாவில் நேர்மாறு. ஈரக் காற்றில் வியர்வை உலராமல் சொட்டுகிறது. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சிறுவர்கள் பெரியவர்களைவிட விரைவாகச் சூடேறுவார்கள். அதனால் இங்கே பத்து மணிவரை காத்திருக்கக் கூடாது. ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும்.

நேரமும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. அதனால் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது. பிள்ளைகளை ஐந்து மணிக்கு எழுப்பினால் போதும், உதயத்தை உச்சியில் பார்க்கலாம்.

இந்த இருட்டு நேரம் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் பயிரிட்ட இன்ச் கென்னத் தோட்டம் காஜாங்கில்தான் இருந்தது. வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிவதும் குறையும். ஆகவே விடியும் முன்பே பெரட்டு, அதாவது தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. பிறகு தலையில் விளக்குடன் பால் மரம் சீவப் போவார்கள் நம் பாட்டிகளும் தாத்தாக்களும். அதே நேரத்தில், அதேபோல் நெற்றி விளக்கோடு பேரப்பிள்ளைகள் இன்று மேடு ஏறுகிறார்கள். வழியில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே போனால் பிள்ளைகளுக்குக் கால்வலி தெரியாது.

ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, பிடிப்புள்ள காலணி, நீளக் காற்சட்டை. லாலாங் இலையின் ஓரம் தோலைக் கீறும். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் செம்மண் சறுக்கும்; ஏறுவதைவிட இறங்குவதில்தான் பலர் விழுகிறார்கள். செங்குத்தான இடங்களில் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பெரியவர் இறங்குவது நல்லது. இடி கேட்டால் உச்சிக்கு ஆசைப்படாமல் உடனே திரும்ப வேண்டும். மரமில்லாத முகட்டில் நிற்பவரே உயரமானவர்.

எட்டரை மணிக்குக் கீழே செமினியில் பசியாற உட்காரும்போது, ரொட்டி சானாய் வருவதற்குள் பிள்ளைகள் காலுறையில் ஒட்டிய லாலாங் பூவின் வெள்ளைப் பஞ்சை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசையில் சேர்க்கிறார்கள்.