கண்டிக்கும் முன் கவனிப்போம்

பதினொன்றாம் வகுப்பில் நன்றாகப் படித்த மாணவன் ஒருவன், சில வாரங்களில் யாரோடும் பேசாமல் ஒதுங்கினான். "எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்க சார்" என்றான். பையில் கஞ்சா இருந்தது தெரிந்ததும், டி.சி. கொடுத்துவிடலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். தலைமையாசிரியர்தான் பெற்றோரை அழைத்து, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கிருந்த மனநல மருத்துவர் எனக்கு விளக்கினார். இல்லாத குரல் கேட்பது, காரணமின்றிச் சந்தேகப்படுவது போன்றவை தீவிர மனநோயின் தொடக்கமாக இருக்கலாம். இது பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும். கஞ்சா அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. ஸ்வீடனில் ராணுவத் தேர்வுக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளியானது. அதிகம் கஞ்சா புகைத்தவர்களிடம் மனச்சிதைவு நோய் 6 மடங்கு காணப்பட்டது. பயத்தையும் தூக்கமின்மையையும் தணிக்க நோயாளிகளே கஞ்சாவை நாடுவதும் உண்டு. ஆனால் அது நோயை முற்றவைக்கும்; குணமானவருக்கும் மீண்டும் வரவைக்கும்.

ஆகவே ஆசிரியர்களே, மாற்றம் தெரிந்தால் மாணவனைத் தனியே அழைத்துப் பேசுங்கள். அவன் கேட்கும் குரலைக் கேலி செய்யாதீர்கள், வாதிடவும் வேண்டாம். தூக்கம், உணவு பற்றிக் கேளுங்கள். போதைப் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் எனப் பெற்றோரிடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவச ஆலோசனை கிடைக்கும்.

எங்கள் மாணவன் மூன்று மாதம் கழித்து வந்தான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் அப்படியே இருந்தது.