உங்களுக்குத் தெரியுமா? தராசு இல்லாமலே ஏ4 தாளை எடை போடலாம்!

ஜெராக்ஸ் கடையில் புரளும் ஏ4 தாளின் எடையைச் சொல்ல 10-ஆம் வகுப்புப் பெருக்குத் தொடர்வரிசையே போதும்.

ஏ0 தாளின் பரப்பு 1 சதுர மீட்டர். அதன் நீளத்தைச் சரிபாதியாக வெட்டினால் ஏ1, அதையும் பாதியாக்கினால் ஏ2. ஆக, முதல் உறுப்பு 1, பொது விகிதம் 1/2. ஏ4 எத்தனையாவது உறுப்பு? நான்கு என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். வரிசை பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் அது ஐந்தாவது! ஐந்தாம் உறுப்பைக் காண, முதல் உறுப்பைப் பொது விகிதத்தால் நான்கு முறைதான் பெருக்க வேண்டும். தேர்வில் மதிப்பெண் பறிபோவதும் இந்த ‘ஒன்று குறைவை’ மறப்பதால்தான். விடை 1/16 சதுர மீட்டர்.

தாள்கட்டின் உறையில் ‘80 ஜி.எஸ்.எம்.’ என்றிருந்தால், சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று பொருள். 16-ஆல் வகுத்தால் ஒரு தாள் 5 கிராம். 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ.

பாதியாக்கினாலும் தாளின் வடிவம் மாறாதிருக்க, நீளம் அகலத்தைப் போல √2 மடங்கு இருக்க வேண்டும். ஜெர்மன் அறிஞர் லிக்டன்பெர்க் 1786-லேயே ஒரு கடிதத்தில் இதைக் குறிப்பிட்டார். ஜெர்மனி தர அளவாக்கியது 1922-ல். ஏ3-ஐ ஏ4 ஆகச் சுருக்கும்போது இயந்திரம் காட்டும் 71 சதவீதமும் √2-இன் வேலையே.

இதே தாளில் ஏ6 என்ன எடை? போட்டுப் பாருங்கள், 1.25 கிராம் வந்தால் சரி.